பத்தாம் நாள், ஒரே ஒரு முறை: கரு தங்குமா?

2024 பெப்ரவரி 12, திங்கள், மாலை 6.40 (கேள்வி)

எனக்கு வயது 25. தை மாதத்தில் எழுத்து (பதிவுத் திருமணம்) முடிந்தது, கலியாணம் ஆவணியில்தான். சனிக்கிழமை இரவு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் சேர்ந்துவிட்டோம். ஒரே ஒரு முறைதான். மாதவிலக்கு பெப்ரவரி 1ஆம் திகதி தொடங்கியது. சில மாதங்களில் 26 நாளில் வரும், சில மாதங்களில் 31 நாள் வரை தள்ளிப் போகும். பத்தாம் நாள் என்றால் பயப்படத் தேவையில்லை என்று சிநேகிதி சொல்கிறாள். நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு நாளாக நித்திரை இல்லை. எங்கள் ஊர் வன்னியில் ஒரு சிறிய கிராமம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பெப்ரவரி 12, இரவு 8.15

பிள்ளை, நான் மல்லாவி, துணுக்காய்ப் பக்கங்களில் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக (மிட்வைஃப்) இருந்து ஓய்வு பெற்றவள். நூற்றுக்கு எத்தனை என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். சனி இரவிலிருந்து எண்ணினால் நாளை செவ்வாய் இரவோடு 72 மணித்தியாலம் முடிகிறது. அவசர கருத்தடைக் குளிசை பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமலே கிடைக்கும்; போஸ்டினோர் என்று கேட்டால் தருவார்கள். லெவொனோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே தடவை விழுங்கினால் போதும். நாளை காலை முதல் பஸ்ஸில் போய் வாங்குங்கள்.

வாய்ப்பைக் கேட்டீர்கள். முட்டை வெளிவருவது பதினான்காம் நாளில். உங்களுக்கு நடந்தது பத்தாம் நாளில். ஆகவே வாய்ப்புக் குறைவுதான். அதற்காகக் குளிசையை விட்டுவிட வேண்டாம்.

பெப்ரவரி 12, இரவு 11.30

மேலே எழுதியதில் கடைசிப் பந்தியைத் திருத்துகிறேன். படுத்த பிறகு அந்தப் "பதினான்காம் நாள்" என்ற சொல் என்னை எழுப்பிவிட்டது. எத்தனையோ பெண்களுக்கு நானே சொல்லிப் பிழைவிட்ட சொல் அது.

முட்டை வெளிவரும் நாளை மாதவிலக்குத் தொடங்கிய நாளிலிருந்து முன்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த மாதவிலக்கு வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஏறக்குறைய 14 நாட்களுக்கு முன்னர் அது வெளிவந்திருக்கும். அந்தப் பின்பாதிதான் பெரும்பாலும் மாறாமல் இருப்பது, நீள்வதும் குறைவதும் முன்பாதி. பதினான்காம் நாள் என்பது 28 நாள் கணக்கு தவறாமல் வரும் பெண்ணுக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். உங்களுக்கு 26 நாளில் வந்தால் அடுத்தது பெப்ரவரி 27. முட்டை 13ஆம் திகதி, அதாவது நாளைக்கே, வெளிவரக்கூடும். 31 நாளில் வந்தால் அடுத்தது மார்ச் 3. முட்டை 18ஆம் திகதி அளவில் வரும். ஆக 13இலிருந்து 18 வரை எந்த நாளாகவும் இருக்கலாம், அதற்கு ஓரிரு நாள் முன்பின்னாகவும் இருக்கலாம்.

இப்போது விந்தின் பக்கத்தைப் பாருங்கள். முட்டை வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணித்தியாலம்தான் உயிரோடிருக்கும். விந்தணுக்களோ, கருப்பைக் கழுத்தில் அந்த நாட்களில் ஊறும் வழுவழுப்பான திரவத்தில் ஐந்து நாள் வரை தங்கி நிற்கும். அதனால் கரு தங்கக்கூடிய நாட்கள் ஆறு: முட்டை வெளிவரும் நாளும், அதற்கு முந்திய ஐந்து நாட்களும். சனிக்கிழமை உள்ளே போனவை வியாழன், அதாவது 15ஆம் திகதி, வரையும் காத்திருக்கக் கூடியவை. உங்கள் முட்டை 13, 14, 15ஆம் திகதிகளில் ஒன்றில் வெளிவந்தால் அந்தச் சனிக்கிழமை ஆறு நாளுக்குள் விழுகிறது. 16இற்குப் பிறகு என்றால் விழாது. எந்த வகை மாதம் இது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிநேகிதிக்கும் தெரியாது.

எண் கேட்டீர்கள் அல்லவா. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிள்ளை வேண்டுமென்று முயன்ற 221 பெண்களின் சிறுநீரை நாள்தோறும் சோதித்துச் செய்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. முட்டைக்கு ஐந்து நாள் முன்னர் ஒரு முறை சேர்ந்தால் 100க்கு ஏறக்குறைய 10, முட்டை வெளிவரும் நாளிலேயே சேர்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று என்று அதில் கண்டார்கள். முட்டை வெளிவந்ததற்கு அடுத்த நாள் சேர்ந்ததில் ஒரு கருவும் தங்கவில்லை. மாதத்தின் எந்த நாள் என்றே தெரியாத ஒரு தனிச் சேர்க்கைக்குச் சராசரி எடுத்தால் 100க்கு 3 அளவில் வரும். உங்கள் கணக்கில் பாதித் திகதிகளுக்கு 10க்கும் 15க்கும் இடையில் என்றும், மீதித் திகதிகளுக்கு இல்லை என்றே சொல்லத்தக்க அளவு என்றும் நான் எடுப்பேன். இதை "குறைவு" என்று நான் முதலில் எழுதியது பொறுப்பான சொல் அல்ல.

அதே ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட இன்னொரு கணக்கும் நினைவில் இருக்கிறது: அந்த ஆறு நாளும் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் முழுமையாக அடங்கிய பெண்கள் ஏறக்குறைய 100க்கு 30 பேர் மட்டுமே. நாங்கள் கிளினிக் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்தில் எல்லாப் பெண்களும் அதற்குள் அடங்கியிருந்தார்கள்.

பெப்ரவரி 13, செவ்வாய், அதிகாலை 5.10

ஏன் அந்தச் சொல் என்னை எழுப்பியது என்று எழுதிவிடுகிறேன்.

1997ஆம் ஆண்டு. கிளிநொச்சி அதற்கு முந்திய ஆண்டு இராணுவத்தின் கைக்குப் போயிருந்தது. பட்டணம் முழுவதும் மல்லாவிக்கு இடம்பெயர்ந்து வந்துவிட்டது போன்ற காலம். பொருளாதாரத் தடையால் மருந்துக்குத் தட்டுப்பாடு. ஆணுறையும் குளிசையும் வரும் மாதம் வரும், வராத மாதம் வராது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிடுகுக் கொட்டிலில் இருந்த ஒரு தாய், நான்கு பிள்ளைகள், கடைசிக்கு எட்டு மாதம், என் சைக்கிளை மறித்துக் கேட்டாள்: "மிஸ், முந்தநாள் அவரோட இருந்திட்டன். பால் குடுக்கிறன்தானே, ஒண்டும் இல்லைத்தானே?" எனக்கு இன்னும் ஆறு வீடு போக வேண்டியிருந்தது. "பால் குடுக்கிற நீர், பயப்படாதேயும்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனேன்.

தாய்ப்பால் கருவைத் தடுப்பது உண்மைதான், ஆனால் மூன்று நிபந்தனைகளும் ஒன்றாக நிற்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும், இரவும் பகலும் தாய்ப்பாலே உணவாக இருக்க வேண்டும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் மாதவிலக்குத் திரும்பாதிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 100க்கு 98 பேருக்கு அது காவல். 1988இலேயே நிபுணர்கள் கூடி இப்படி வகுத்திருந்தார்கள், படித்தும் இருந்தேன். அந்தத் தாயின் பிள்ளை எட்டு மாதம், அரிசி மாக் கஞ்சியும் குடித்துக்கொண்டிருந்தது. மாதவிலக்குத் திரும்பவில்லை என்பதை மட்டும் நம்பியிருந்தாள். முதல் மாதவிலக்குக்கு முன்னரே முதல் முட்டை வெளிவந்துவிடக்கூடும் என்பதை நான் அல்லவா அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாவது பிள்ளைக்கும் நானே பேறு பார்த்தேன். ஒரு நாளும் அவள் என்னைக் குறை சொல்லவில்லை. வாய்ப்பை வாயால் அளந்து சொல்வதில் எனக்கு அன்றிலிருந்து அச்சம்.

பெப்ரவரி 13, பகல் 12.20

ஒரு வாசகர் 72 மணித்தியாலம் என்பது பழைய கணக்கு என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. நான் அச்சிட்ட துண்டில் உள்ளதை எழுதினேன். அவசரக் குளிசையை 120 மணித்தியாலம், அதாவது ஐந்து நாள் வரை எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் தள்ளிப் போகப் பலன் குறையும். அதன் வேலை முட்டை வெளிவருவதைத் தள்ளிப் போடுவது. வெளிவந்துவிட்ட முட்டையை அது ஒன்றும் செய்யாது, பதிந்துவிட்ட கருவையும் ஒன்றும் செய்யாது. ஆகவே அது கருக்கலைப்பு அல்ல. பயந்த பிறகும் நேரத்தோடு ஓடித்தான் ஆக வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

ஐந்து நாளுக்குள் கருப்பைக்குள் செப்பு லூப் (கருத்தடை வளையம்) வைத்துக்கொள்வது குளிசையை விட நம்பத்தக்கது. 100க்கு ஒன்றிலும் குறைவாகவே தவறும். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் வைக்கலாம். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்கில் வைத்தியரைக் கண்டு பேச வேண்டும், வியாழன் இரவுக்குள் முடிய வேண்டும். வலிப்புக்குக் காபமாசெபின், பெனிட்டோயின் எடுப்பவர்களுக்கும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் சாதாரண அளவுக் குளிசையின் பலன் குறைந்துவிடும். அவர்களுக்கு லூப்தான் நல்லது.

இன்னொன்று. கேள்வி கேட்ட பிள்ளை காலையில் பட்டணத்துக்குப் போயும் வாங்காமல் பாமசி வாசலோடு திரும்பியதாக எழுதியிருக்கிறார். உள்ளே நின்றவர் முன்னால் நின்ற ஒருவருக்குக் கேட்கும்படி "யாருக்கு?" என்று கேட்டாராம். எனக்குக் கோபம் வருகிறது. மருந்து விற்பவருக்கு நேரத்தையும், வேறு மருந்து எடுக்கிறாரா என்பதையும் தவிர வேறொன்றும் தெரியத் தேவையில்லை. பிள்ளை, வேறு பாமசி ஒன்றுக்குப் போங்கள். சொல்ல வாய் வராவிட்டால் ஒரு கடதாசியில் பெயரை எழுதி நீட்டுங்கள். எழுதிய கணவரை அனுப்பலாம். அவருக்கும் இதில் பங்கு உண்டு.

பெப்ரவரி 13, இரவு 7.50

கணவர் போய் வாங்கி வந்து, பிற்பகல் 3 மணிக்குக் குளிசையை எடுத்தாயிற்று என்று அறிந்தேன். நல்லது. எடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்திருந்தால் இன்னொன்று எடுக்க வேண்டியிருந்திருக்கும். அந்த நேரம் கடந்துவிட்டது. இந்தக் குளிசை போன சனிக்கிழமைக்கு மட்டும்தான். தள்ளிப்போன முட்டை அடுத்த வாரம் வெளிவரலாம், ஆகையால் மாதவிலக்கு வரும்வரை ஆணுறை இல்லாமல் ஒரு முறையும் வேண்டாம்.

நாட்காட்டியில் மார்ச் 2ஐ வட்டமிடுங்கள். சேர்ந்த நாளிலிருந்து 21ஆம் நாள் அது. அன்று சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்து பாருங்கள்.

பெப்ரவரி 15, வியாழன், பகல் 2.00

இரண்டு நாளில் இங்கே குவிந்தவற்றைப் பார்த்தேன். எங்கள் கிராமங்களில் நான் கேட்ட அதே சொற்கள்.

பப்பாசிக்காய், அன்னாசி, எள்ளுருண்டை. சூடு என்று சொல்லித் தின்னக் கொடுப்பார்கள். அவை உணவு, கருவைத் தடுக்கவும் மாட்டா, கலைக்கவும் மாட்டா. ஒரு பெண் ஐந்து நாள் பப்பாசிக்காயை நம்பியிருந்துவிட்டு ஆறாம் நாள் என்னிடம் வந்தாள். குளிசைக்கும் லூப்புக்கும் உரிய ஐந்து நாளையும் அந்தக் காய் தின்றுவிட்டது. பப்பாசியின் உண்மையான கெடுதி அதுதான்.

உடனே கழுவுதல், எழும்பி நடத்தல், சலம் கழித்தல் எதுவும் பயன் தராது. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பைக் கழுத்துக்குள் ஏறிவிடும், கழுவும் தண்ணீர் அங்கே போகாது. உள்ளுக்குள் தண்ணீரோ சவர்க்காரமோ பீச்சினால் புண்ணும் கிருமியும்தான் மிச்சம். முதல் முறை என்றால் தங்காது என்பதும் பொய். முட்டைக்கு முதல் முறை, பத்தாம் முறை என்ற கணக்கு இல்லை.

"வெளியே எடுத்துவிட்டோம்" என்பவர்களுக்கு நான் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும், ஏனென்றால் வன்னியில் அதிகம் பேர் நம்பியிருந்த முறை இதுதான், தடைக்காலத்தில் வேறு முறை கையில் இருக்கவும் இல்லை. ஒன்றும் செய்யாமலிருப்பதை விட அது மேல். பாதுகாப்பே இல்லாமல் ஓர் ஆண்டு வாழும் 100 சோடிகளில் 85 பேருக்குக் கரு தங்கும். வெளியே எடுக்கும் 100 சோடிகளில் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 20 பேருக்குத் தங்கும். ஆணுறையை நடைமுறையில் பாவிப்பது போலப் பாவித்தால் 13, ஒவ்வொரு முறையும் பிழையின்றிப் பாவித்தால் 2. வெளியே எடுப்பதில் தவறுவது பெரும்பாலும் கடைசி நொடியில். அதற்கு முன் கசியும் நீரிலும் சிலருக்கு விந்தணு இருக்கும். நான் ஒரு காலத்தில் இந்த முறையைப் பற்றிப் பேசவே மறுத்தேன், அது ஒரு முறையே அல்ல என்று. இப்போது நினைத்தால், மறுத்ததைவிட 100க்கு 20 என்று சொல்லியிருந்தால் அந்தச் சோடிகளுக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஒரு பிள்ளை, இரணைமடு வாய்க்காலில் ஆண்கள் குளித்த இடத்தில் குளித்ததால் பயமென்று கேட்டிருக்கிறது. இல்லை, மகள். ஓடும் நீரில் அப்படி ஒன்றும் நடக்காது. இதை நீங்கள் கேட்டது நல்லது. கேட்காமல் ஒரு மாதம் தவித்த பெண்களை நான் கண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 17, சனி, இரவு 9.30

"தங்கிவிடுமோ என்று மட்டும் பேசுகிறீர்கள், தங்கவில்லையே என்று அழுகிறவர்களும் இருக்கிறோம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மா, உங்களை நான் மறக்கவில்லை.

2010இலிருந்து மீள்குடியேறிய கிராமங்களில் திரும்பவும் வீடு வீடாகப் போனேன். தறப்பாள் கொட்டில், அருகில் தூர்ந்த கிணறு. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டை (பிள்ளை பெறும் வயதுச் சோடிகளின் பெயர்ப் பதிவு) புதிதாக எழுதத் தொடங்கினேன். பழைய பதிவேட்டில் மூன்று பிள்ளை இருந்த வீட்டில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. முள்ளிவாய்க்காலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த, முப்பத்தாறு, முப்பத்தெட்டு வயதான தாய்மார் என் கையைப் பிடித்து, எந்த நாளில் சேர்ந்தால் தங்கும் என்று கேட்டார்கள். நிரந்தரமாகக் கட்டிவிட்டவர்கள், அதை அவிழ்க்க முடியுமா என்று கேட்டார்கள். தொண்ணூறுகளில் "எந்த நாள் ஆபத்து?" என்று கேட்டதும் இதே பெண்கள்தான். அதே ஆறு நாளை நான் இரண்டு தரம் விளக்கினேன், ஒரு தரம் விலகுவதற்கு, ஒரு தரம் நெருங்குவதற்கு.

அந்த ஆண்டுகளில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. எல்லாம் சரியாக உள்ள இளம் சோடியும், சரியான நாளிலேயே சேர்ந்தாலும், அந்த மாதம் தங்குவதை விடத் தங்காமல் போவதே அதிகம். பதிந்த கருக்களிலும் நாலில் ஒன்று அளவுக்கு, தாய் அறியும் முன்னரே கழிந்துவிடுகிறது. ஆனால் இந்த உண்மையைக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு ஆறுதலாகச் சொல்லலாமா என்று நான் தயங்குகிறேன். 100க்கு 90 பேருக்குத் தங்காது என்பதை, எனக்குத் தங்காது என்று கேட்டுவிடுவோம். மீதிப் பத்துப் பேரும் அப்படிக் கேட்டவர்களே.

ஓராண்டு முயன்றும் தங்காதவர்கள், 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவனும் மனைவியும் ஒன்றாக வைத்தியரிடம் போக வேண்டும். மனைவி மட்டும் போவது அரை வேலை.

பெப்ரவரி 19, திங்கள், காலை 6.30

கேள்வி கேட்டவர் எழுதுகிறார்: வயிற்றைப் பிரட்டுகிறது, மார்பு நோகிறது, கரு தங்கிவிட்டதா?

சேர்ந்து இன்றைக்கு ஒன்பதாம் நாள். கருக்கட்டிய முட்டை குழாய் வழியாக நகர்ந்து வந்து கருப்பையில் பதிய, முட்டை வெளிவந்ததிலிருந்து 6 முதல் 12 நாள் எடுக்கும். பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நாளில் பதியும். பதியும் முன் உடம்புக்குச் செய்தியே போகாது. கருவின் குமட்டல் அதற்கும் பிந்தித்தான் வரும். குளிசையும் இதே குமட்டலையும் மார்பு நோவையும் தரும், நித்திரை இல்லாவிட்டாலும் வயிறு பிரட்டும். உடம்பை வாசித்து விடை தேட வேண்டாம்; இத்தனை நாளில் அது எழுதியிருப்பது குளிசையைப் பற்றித்தான் இருக்கும்.

பெப்ரவரி 22, வியாழன், இரவு 10.15

எவர் என்று சொல்லாமல் ஒருவர், "தங்கிவிட்டால் இரகசியமாகக் குளிசை விற்கிறார்களாம்" என்று கேட்டிருக்கிறார்.

இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின்படி தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. அதனால் இரகசியத்தில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. இரத்தம் நிற்காமல் கொண்டுவரப்பட்ட பெண்களோடு நான் அம்புலன்சில் போயிருக்கிறேன். அப்படி எவருக்காவது நேர்ந்திருந்தால், கேள்விக்குப் பயந்து வீட்டில் கிடக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, தலைச்சுற்று, தோள் நோவு என்றால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக் கூடாது.

விருப்பமின்றி நடந்ததென்றால் அது வேறு விடயம். குழந்தைக் கணக்கு மட்டுமல்ல, நோய்த்தொற்றுக்கான மருந்தும், குறிப்பாக 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டியதும், இருக்கிறது. பல அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் தனி அறை இருக்கிறது; 1938 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. வன்னியில் யாரிடமும் சொல்லாமல் சுமந்தவர்கள் அதிகம். நீங்கள் சுமக்க வேண்டாம்.

பெப்ரவரி 26, திங்கள், காலை 7.00

இன்று காலை சோதித்து ஒரு கோடு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பதினாறாம் நாளில் வரும் ஒற்றைக் கோடு, கரு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. கரு பதிந்த பிறகுதான் சோதனை தேடும் சுரப்பு சிறுநீரில் ஏறத் தொடங்கும். சனிக்கிழமை வரை பொறுங்கள். விடிய எழும்பிய முதல் சிறுநீரில் பாருங்கள்.

மார்ச் 2, சனி, இரவு 8.40

நேற்று மாதவிலக்கு வந்ததாகவும், வழமை போன்ற போக்கு என்றும், ஆனாலும் நான் வட்டமிடச் சொன்ன நாள் என்பதால் இன்று காலையும் சோதித்து ஒரே கோடு வந்ததாகவும் எழுதியிருக்கிறார். சோதித்தது சரியான வேலை. அவசரக் குளிசைக்குப் பின் வெறும் தீற்றலாக வரும் இரத்தத்தை மாதவிலக்கென்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. 21ஆம் நாள் ஒரு கோடும், வழமையான போக்கும் சேர்ந்திருக்கின்றன. கரு தங்கவில்லை, பிள்ளை. நித்திரை கொள்ளுங்கள்.

குளிசையால்தான் தப்பினேனா என்று கேட்கிறீர்கள். 29 நாளில் வந்திருக்கிறது. பின்னோக்கி எண்ணினால் முட்டை 16ஆம் திகதி அளவில் வெளிவந்திருக்கும். சனிக்கிழமைக்கு ஆறு நாள் பின், கரு தங்கக்கூடிய அந்த ஆறு நாளுக்கு ஒரு நாள் வெளியே. அது தானாகவே 16இல் வர இருந்ததா, அல்லது 14இல் வர இருந்ததைக் குளிசை பிடித்து நிறுத்தியதா என்பதை யாராலும் சொல்ல முடியாது. "பத்தாம் நாள் பயமில்லை" என்ற சிநேகிதி, பார்த்தாயா என்று சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம். அடுத்த பெண்ணுக்கு அப்படிச் சொல்லாமல் இருக்க, மேலே 12ஆம் திகதி இரவு 11.30இற்கு நான் திருத்தி எழுதியதை மட்டும் காட்டுங்கள்.

மார்ச் 3, ஞாயிறு, காலை 9.10

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். ஆவணிக்கு இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருக்கிறது. நாளாந்தக் குளிசையை மாதவிலக்குத் தொடங்கிய முதல் ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால் அன்றிலிருந்தே காவல். அதற்குப் பிந்தினால் முதல் ஏழு நாளும் ஆணுறையும் சேர்த்துப் பாவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏற்றும் ஊசியும் இருக்கிறது, ஆனால் அதை விட்ட பிறகு கரு தங்கச் சில மாதம் தாமதிக்கும். கலியாணத்துக்குப் பிறகு விரைவில் பிள்ளை வேண்டுமென்றால் உங்களுக்குக் குளிசையே பொருத்தம். கிளினிக்கில் குருதி அமுக்கம் பார்த்து, தலையிடி, புகைத்தல், குருதிக் கட்டி பற்றிக் கேட்டுவிட்டுத் தருவார்கள். எழுத்து முடிந்தவர் நீங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரை எழுத உங்கள் பகுதி மிட்வைஃப் கடமைப்பட்டவர், வெளியே சொல்லாதிருக்கவும் கடமைப்பட்டவர்.

இன்று மூன்றாம் நாள். நாளை திங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை திறந்திருக்கும். செவ்வாயோடு ஐந்து நாள் முடிகிறது.